சங்கிலி தள்ளாது

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இரும்பு வேலை தானாக வந்துவிடும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேஸி பெர்குசன் 135 ஓட்டியவர். காலையில் பால் தொட்டி, மத்தியானம் உரமூட்டை டிரெய்லர், சாயங்காலம் லயத்துக்குத் தண்ணீர்த் தொட்டி என்று அந்த டிராக்டரின் பின்னால் எதையாவது கழற்றுவதும் மாட்டுவதுமாகவே அவருக்குப் பொழுது போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்து மட்டுந்தான். ஸ்பேனரைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டு, "போய் புக்கை எடுடா" என்பார். எடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனேன். கணக்கோடு வாழ்வியல் திறன் என்ற பாடத்தையும் என் தலையில் கட்டினார்கள். ஆணி, சுத்தி, ஒட்டுப்பலகை எல்லாம் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது கடிதம் செருகிவைக்கும் பெட்டி செய்வதுதான். அந்தப் பெட்டிகளில் பாதி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். மதிப்பெண் போடும்போது நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையில் ஒரு பங்கு மூன்று ஏக்கர் நிலமாக மாறியது. ஒரு காலத்தில் கித்தாத் தோட்டமாக இருந்து, கைமாறிக் கைமாறித் துண்டான நிலம். பேராக்கில் இப்படித் துண்டான தோட்டங்களுக்குக் குறைவில்லை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்க்கச் சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் வாங்கிக் காப்பாற்றிய தோட்டங்கள் உண்டு. என் மூன்று ஏக்கர் அந்தக் கணக்கில் வராதது. பழைய லயம் நின்ற இடமும் அதற்குள் அடக்கம் என்று நிலத்தை விற்றவர் சொன்னார். அதை ஒரு பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும்.

நிலம் வந்தால் டிராக்டர் வர வேண்டாமா? ஜப்பானில் எங்கோ நெல்வயலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ரீகண்டிஷன் என்ற பட்டத்தோடு கப்பலேறி வந்த பழைய குபோட்டா ஒன்று கிடைத்தது. பதினாறு குதிரைத்திறன். லீவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜப்பானிய எழுத்தில் ஒட்டுத்தாள். எது எதற்கு என்று இழுத்து இழுத்துத்தான் தெரிந்துகொண்டேன். வரும்போதே பின்னால் மண் கிளறும் ரோட்டரி இருந்தது. வாழையும் மரவள்ளியும் கொஞ்சம் டுரியான் கன்றும் வைத்திருப்பவனுக்கு அது போதும். ஆனால் உரமூட்டை தூக்க ஒரு தட்டு, இறுகிப்போன மண்ணைக் கீற ஒரு கொக்கிக் கலப்பை, பாதையைச் சமன்செய்ய ஒரு பிளேடு என்று என் மனத்தில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் விலை கேட்டேன். கேட்டதும், "இதென்ன பெரிய வித்தை, நாமே செய்துவிடலாம்" என்று தோன்றியது. ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குமேல் வரும் வியாதிகளில் இதுவும் ஒன்று என்பது என் மனைவியின் கருத்து.

முதலில் தட்டு. ஈப்போ மெங்லெம்புவில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ஈப்போவுக்கு இரும்பு புதிதல்ல. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்பும் குழாயும் வார்த்துக் கொடுத்தே வளர்ந்த பட்டறைகள் இங்கே ஏராளம். 1985இல் ஈய விலை ஒரேயடியாகச் சரிந்தபின் சுரங்கங்கள் மூடிக்கொண்டன. அவற்றின் இரும்பு இன்னும் எங்கெங்கோ துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்தக் கடையில் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 6 மில்லி தகடு ஒன்றும், கனமான சி சேனலும் பொறுக்கினேன். தவுக்கே ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சிக்கு, இனி பெராட்லா" என்றார். கனமாக இருக்கிறது, யோசித்துக்கொள் என்கிறார் மனிதர். நான் அதைச் சரக்குக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்" என்று தலையாட்டினேன்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு. ஒரு சதுர மீட்டர் தகடு, 6 மில்லி கனம், இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என்றால் எடை என்ன? 47 கிலோ. என் தட்டு நாலடிக்கு ஐந்தடி. தகடு மட்டும் ஏறக்குறைய 87 கிலோ. சட்டமும் கம்பியும் சேர்ந்தால் 150க்கு மேல். என் டிராக்டர் கொக்கி முனையில் தூக்குவதே 400 கிலோவைச் சற்றுத் தாண்டும். முனையிலிருந்து பின்னால் தள்ளிப்போகப் போக அதுவும் குறையும். கன அளவும் எடையும் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவன் நான். தட்டை வெல்டிங் பண்ணி, பெயிண்ட் அடித்து, மாட்டி, ஓட்டியும் பார்த்தபின்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

ஓட்டியது பிறகு, மாட்டியதே பெரும் பாடு. டிராக்டரின் பின்னால் மூன்று கைகள் இருக்கும்: கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. சின்ன டிராக்டருக்குக் கேட்டகிரி 0 என்று ஓர் அளவு. பின் 16 மில்லி. அதற்கடுத்த கேட்டகிரி 1இல் கீழ்க்கைகளுக்கு 22 மில்லி, மேல்கைக்கு 19. நான் அப்பாவின் டிராக்டரை நினைத்துக்கொண்டு 22 மில்லியில் துளை போட்டேன். 16 மில்லிப் பின்னைச் செருகினால் அது உள்ளே லொடலொடவென்று ஆடியது. சரி, புஷ் போட்டுவிடலாம் என்று போட்டேன். அப்போது இரண்டு கீழ்ப் பின்னும் ஒரே கோட்டில் இல்லை என்று தெரிந்தது. ஒரு பக்கத்தை முழுதாக வெல்டிங் பண்ணி முடித்துவிட்டு, ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்து அடுத்த பக்கத்தை ஆரம்பித்திருந்தேன். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கி இழுக்கும். சட்டம் சத்தமில்லாமல் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. எல்லா மூலையிலும் முதலில் பொட்டு வைத்து, குறுக்களவு இரண்டும் சரியா என்று டேப் பிடித்துப் பார்த்து, பிறகு மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாய்ந்த கடிதப்பெட்டிக்குப் பெருந்தன்மையாக மதிப்பெண் போட்ட வாத்தியாருக்கு எங்கே தெரியும்? வலது கையை மாட்டினால் இடது எட்டாது. இடதை மாட்டினால் வலது விலகும். சுத்தியால் அடித்துத்தான் ஏற்றினேன்.

எங்கள் தாமானில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். பால் ஸ்டோர் மெஷினிலிருந்து மேனேஜர் பங்களா கேட் வரை எல்லாவற்றையும் கிடைத்த இரும்பில் செய்துகொடுத்த கை. அப்பாவுக்குப் பழக்கம், எனக்கு மாமா முறை. அவர் வந்து என் வெல்டிங்கின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கோழி எச்சம்போலத் திட்டுத் திட்டாக இருந்தது.

"குச்சி என்ன?"

"6013 மாமா."

"குச்சி நல்ல குச்சி" என்றார். அவ்வளவுதான்.

தட்டுக்குச் சுற்றுக் கம்பி வேண்டுமென்று பழைய தண்ணீர்க் குழாய்களை எடுத்தேன். வெள்ளைப் பூச்சுப் போட்ட ஜி.ஐ. குழாய். அந்தப் பூச்சு துத்தநாகம். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் குச்சி தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளை வெளேரென்று புகை. மழை தூறியதால் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குள் உட்கார்ந்து செய்தேன். வாயில் இனிப்பாக ஒரு ருசி தட்டியது. நல்ல சகுனம் என்று நினைத்தேனோ என்னவோ, நிறுத்தவில்லை. அன்றைக்கு ராத்திரி பல் கிட்டும் குளிர், காய்ச்சல், உடம்பு முழுக்க அடித்துப்போட்ட வலி. மனைவி டெங்கி என்றே முடிவுகட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் முதலில் வரும் பேச்சு அதுதான். மருமகன் காடியை எடுத்து கிளினிக்குக்கு ஓட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கி இல்லை. இளம் டாக்டர் என் கையிலிருந்த சின்னச் சின்னத் தீப்புண்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வெல்டிங் செஞ்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ஜி.ஐ. பைப்பா?" ஒன்றிரண்டு நாளில் தானே இறங்கிவிடும், ஆனால் இன்னொரு தரம் செய்யாதீர்கள் என்றார். அவருடைய அப்பா வெல்டராம். மாமாவிடம் இதைச் சொன்னதற்கு, அந்தக் காலத்தில் பட்டறையில் இதற்காகவே பால் வாங்கிக் கொடுப்பார்கள், அதனால் ஒன்றும் ஆகாது, குடித்தால் ஒரு திருப்தி என்றார்.

கடைசியில் ஒரு வழியாகத் தட்டு டிராக்டரில் ஏறியது. 50 கிலோ மூட்டை நான்கை அடுக்கினேன். லீவரைத் தூக்கினேன். தட்டு எழும்பவில்லை; டிராக்டரின் மூக்குதான் எழும்பியது. பின்சக்கரத்தின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துக்கொண்டு பின்னால் நான் ஏற்றியது ஒரு பக்கம், முன்னாலிருக்கும் எஞ்சின் ஒரு பக்கம் என்று அங்கே ஒரு துலாக்கோல் நின்றது. எஞ்சின் தோற்றது. இரண்டு மூட்டையை இறக்கினேன், மூக்கு இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பாதையில் ஒரு சின்ன ஏற்றம். ஏற்றத்தில் முன்சக்கரம் மறுபடி லேசானது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். சக்கரம் அழகாகத் திரும்பியது, காற்றில். டிராக்டர் நேராக லோங்காங்கை நோக்கிப் போனது. அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, சக்கரம் திரும்புகிறதே, வண்டி ஏன் திரும்பவில்லை என்ற கேள்விதான். கிளட்சை மிதிக்கத் தோன்றியபோது வலது முன்சக்கரம் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா வந்து பார்த்தார். காலடியில் இருந்த இரண்டு பிரேக் மிதியைக் காட்டினார். இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. முன்பக்கம் லேசாகிவிட்டால் ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்தே வண்டியைத் திருப்பலாம். நான் அவை இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டு வைத்திருந்தேன். தனித்தனியாக இருப்பது பழுது என்று நினைத்து, வாங்கிய அன்றே சரிசெய்த வேலை அது. தலைக்குமேல் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இல்லாத பழைய வண்டி. கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாமாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவிக்கு இந்தச் சம்பவம் "டயர் கொஞ்சம் சறுக்கிடுச்சு" என்ற அளவில் மட்டும் தெரியும். இதைப் படித்தால் மீதியும் தெரிந்துவிடும்.

அடுத்தது கொக்கிக் கலப்பை. லயம் இருந்த மேட்டில் மண் கல்லாய் இறுகியிருந்தது. ரோட்டரி அதன்மேல் துள்ளிக் குதித்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. ஆழமாகக் கீற ஒற்றைக் கொக்கி போதும். லோரியின் வில்லுப் பட்டையைவிட வலுவான இரும்பு உண்டா? ஒரு பட்டையை வாங்கி, நுனியைத் தீட்டி, சட்டத்தோடு சேர்த்து அதே 6013இல் வெல்டிங் பண்ணினேன். இந்தத் தடவை ஒழுங்காகவே ஓட்டியிருந்தேன். செதில் செதிலாக, வரிசையாக, நானே இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கொட்டகையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். எலி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால், வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்தை ஒட்டி, பட்டையில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. கையால் ஒரு தட்டுத் தட்டினேன். கொக்கி கீழே விழுந்தது. முறிந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் பொரிப்பொரியாக மின்னியது. வில்லுப் பட்டையில் கரி அதிகம். திடீரென்று சூடாகித் திடீரென்று ஆறினால் வெல்டிங்கின் ஓரம் கண்ணாடிபோல இறுகித் தெறித்துவிடும். முதலிலேயே சூடேற்றி, காயவைத்த 7018 குச்சியால் ஓட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அதையெல்லாம்விட, வெல்டிங்கே பண்ணாமல் இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்துப் போல்ட்டுப் போட்டுவிடுவது மேல் என்றார் மாமா. வண்டியில் வில்லுப் பட்டையை யாராவது வெல்டிங் பண்ணிப் பார்த்திருக்கிறாயா என்றும் கேட்டார். யூ போல்ட்டில்தான் கட்டியிருக்கும். ஆயிரம் லோரிகளைப் பார்த்திருப்பேன்.

போல்ட்டுப் போட்டேன். இனி மேல்கை. அதற்குக் கடையில் விற்கும் திருகுத் தண்டு வாங்கவில்லை. கையில் நல்ல சங்கிலி இருந்தது. தோட்டத்தில் புல் வெட்டும் டிராக்டரின் பின்னால் மேல்கைக்குப் பதிலாகச் சங்கிலி தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்து வளர்ந்தவன் அல்லவா? மாட்டினேன். மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, கலப்பையை இறக்கி, லோ கியரில் கிளட்சை விட்டேன்.

டிராக்டர் ஜம்மென்று இழுத்தது. எஞ்சின் ஒரு முனகல்கூட இல்லை. பதினாறு குதிரை சும்மாவா என்று அகமகிழ்ந்து, நிலத்தின் பாதி தூரம் போய்விட்டேன். வரப்பில் நின்ற மருமகன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பதிலுக்கு நானும் கையாட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டியபோதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கலப்பைச் சட்டத்தின் தலை முன்னால் சாய்ந்து என் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கொக்கி பின்னால் மல்லாந்து, மண்ணை முதுகு சொறிவதுபோல் சொறிந்துகொண்டு வந்தது. பின்விளக்கு நொறுங்கிக் கிடந்தது. சங்கிலி தொங்கிக் கிலுகிலுத்தது.

மாமா ஒரு கையை மடக்கிக் கலப்பையாக வைத்துக்கொண்டார். "மண்ணு கீழே பின்னால இழுக்குது. நடுவுல பின்னு பிடிச்சிருக்கு. அப்போ மேல என்ன ஆகும்?" முன்னால் வரும் என்றேன். "முன்னால வர்றதை எது தடுக்கணும்?" மேல்கை. "சங்கிலி இழுக்கும் வாத்தியாரே. தள்ளாதுலா." புல் வெட்டியின் எடை பின்னால் தொங்கும், அங்கே மேல்கைக்கு இழுக்கிற வேலை. கலப்பையில் அது தள்ளுகிற வேலை. ஒரே இடம், நேரெதிர் விசை. நான் செய்த எல்லாச் சாமானிலும் இரும்பை மட்டுமே பார்த்திருக்கிறேன். தள்ளும் விசை எந்த வழியாக எங்கே போகிறது என்று ஒன்றிலும் பார்க்கவில்லை.

அந்த மூன்று கைகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் சின்ன வயதிலிருந்தே அப்பாவின் டிராக்டர் மூக்கில் எழுதியிருந்தது. ஹாரி பெர்குசன், 1884இல் அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். தானே விமானம் செய்து 1909இல் பறந்துகாட்டிய ஆள். அதைப் படித்ததும், வீட்டில் சாமான் செய்கிறவர்களுக்கெல்லாம் இவர்தான் குலதெய்வம் என்று எனக்குப் பட்டது. 1917இல், முதல் உலகப் போர்க் காலத்தில், அயர்லாந்தில் டிராக்டர் உழவை மேற்பார்வையிடும் வேலை அவருக்கு வந்தது. அந்தக் காலத்துக் கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ டிராக்டரின் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் சக்கரம் நிற்காது. டிராக்டரே குதிரைபோல் மூக்கைத் தூக்கிப் பின்னால் புரண்டு ஓட்டுபவரை நசுக்கிவிடும். பெர்குசன் கலப்பையை இழுத்துப்போகும் சாமானாகப் பார்க்காமல் டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கினார். மண் கலப்பையை எவ்வளவு பலமாகப் பின்னால் இழுக்கிறதோ, மேல்கை அவ்வளவு பலமாக டிராக்டரை முன்னால் தள்ளி மூக்கை மண்ணோடு அழுத்தும். கூடவே, கலப்பையின் எடையும் மண்ணின் பிடியும் பின்சக்கரத்தின்மேல் ஏறி, சறுக்காமல் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் சின்ன, லேசான டிராக்டரே பெரிய வேலை செய்தது. இரும்பைக் கூட்டுவதல்ல, குறைப்பதுதான் அவருடைய வித்தை. நானோ மெங்லெம்புவிலிருந்து லோரியில் இரும்பு ஏற்றிக்கொண்டு வந்தவன்.

1938இல் அவர் டெட்ராய்ட் பக்கம் போய், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து ஹென்றி போர்டுக்கு இதை விளக்கினார் என்கிறார்கள். எழுத்து மூலமாக எதுவும் இல்லாமல் கைகுலுக்கலிலேயே ஒப்பந்தம். அடுத்த வருஷமே போர்டு 9என் வெளிவந்தது. ஹென்றி போர்டு இறந்தபின் அந்தக் கைகுலுக்கல் வழக்காக மாறி, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. கைகுலுக்கலில் வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இதற்கிடையில் 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டீஇ20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் உருவானது. பிறகு பெர்குசனின் கம்பெனி மேஸி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்து, பெயர் மேஸி பெர்குசன் ஆனது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, அதே பெயரில் டிராக்டர் செய்து தமிழ்நாட்டு வயல்களில் இறக்கியது. இன்றைக்கு என் ஜப்பான் வண்டியின் பின்னால் இருப்பதும் அதே மூன்று கை ஏற்பாடுதான். இப்படி ஊர் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரு கருவியில்தான் ஒரு கையைக் கழற்றிவிட்டு நான் சங்கிலி மாட்டினேன்.

திருகுத் தண்டு வாங்கினேன். கலப்பை உள்ளே இறங்கியது. மண் பாளம் பாளமாகப் பிளந்து வந்தபோது வந்த வாசம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாமே தோல்வி இல்லை. கொஞ்ச தூரம் போனதும் 'டப்' என்று ஒரு சத்தம். கொக்கி மடங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால், பழைய லயத்து லோங்காங்கின் சிமெண்டு விளிம்பு. கொக்கியைப் பிடித்திருந்த போல்ட்டு இரண்டாக அறுந்திருந்தது. மாமா சொல்லிப் போட்ட சாதாரண 4.6 போல்ட்டு. எதிலாவது இடித்தால் முதலில் அது உடைய வேண்டும் என்பதற்காகவே போடுவது. ஆனால் எனக்கு என்னவோ அவமானமாக இருந்தது. அடுத்த வரியில் மறுபடி உடைந்தது, மறுபடி மாற்றினேன். சட்டைப்பையில் போல்ட்டை நிரப்பிக்கொண்டு உழுவது ஒரு பிழைப்பா? கடைக்குப் போய், இருப்பதிலேயே உறுதியானது எது என்று கேட்டு 10.9 போட்ட போல்ட்டு வாங்கிவந்தேன். மாமாவிடம் சொல்லவில்லை.

அந்த லயம் எவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை இடித்தபோது போல்ட்டு அசையவில்லை. சட்டத்தின் உச்சியில், மேல்கை சேரும் இடத்தில், நான் ஓட்டிய வெல்டிங் வாய் பிளந்தது. மாமா முறிந்த இடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து போல்ட்டின் தலையைத் துடைத்து, அதிலிருந்த எண்ணைப் படித்தார். "வாத்தியாரே, எது உடையணும்னு நாமதான் முடிவு பண்ணணும். நீங்க முடிவு பண்ணலன்னா அதுவா பண்ணிக்கும்." உடைந்தது டிராக்டரின் பின்பக்க வார்ப்பாக இருந்திருந்தால் வண்டியையே பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். கோழி எச்ச வெல்டிங்தான் என்னைக் காப்பாற்றியது. முதன்முறையாக அதற்கு ஒரு பயன்.

பிளேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் எடை கூடிப்போனதால் பிளேடை வெகு லேசாகச் செய்தேன். அது செம்மண் சரளைப் பாதையின்மேல் துள்ளித் துள்ளிப் போய், சமமாக இருந்த இடத்தையும் அலையலையாக ஆக்கிவிட்டது. அதன்மேல் சிமெண்டுக் கல்லைக் கட்டினேன். மூக்கு மறுபடி லேசானது. மூக்கைப் பிடிக்க பெயிண்ட் வாளியில் சிமெண்டு ஊற்றி முன்னால் தொங்கவிட்டேன். அதைப் பார்த்த பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், முன்னால் வாளியும் பின்னால் கல்லுமாகப் போகிற வண்டியைப் பார்த்தால் கோயிலுக்குக் காவடி எடுக்கிறதுபோல இருக்கிறது என்றார். முதலில் செய்த அந்தத் தட்டை இப்போது மெலிசான தகட்டில், பாதி அளவில் மாமா மேற்பார்வையில் திரும்பச் செய்திருக்கிறேன். மூன்று மூட்டையை அலட்சியமாகத் தூக்குகிறது. வெல்டிங் அவருடையது. பெயிண்ட் என்னுடையது.

அந்தப் பெயிண்டைப் பார்த்துத்தானோ என்னவோ, பக்கத்து நிலத்துக்காரரே போன வாரம் வந்தார். "சார், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன். இரும்பு காசு நான் தந்துடறேன்." ஒரு தொழிலாளியை நாடி வந்து ஆர்டர் கொடுப்பதைப் போலிருந்தது அது. சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மெங்லெம்பு போய்ச் சாமான் எடுத்தேன். தவுக்கே எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மெலிசான சரக்குதான். சாயங்காலம் மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"அவரு வண்டி என்ன கேட்டகிரி? பின்னு 16ஆ, 22ஆ?"

"கேட்டுட்டேன் மாமா" என்றேன். கேட்கவில்லை. வெளியே வந்து போன் பண்ணினேன்.

"டிராக்டரா?" என்றார் அவர். "அது இன்னும் வாங்கலையே சார். மொதல்ல தட்டு எவ்வளவுக்கு முடியுதுன்னு பார்த்துட்டுதான்."